மழை பெய்யும் அலமாரி

ஜனவரி 9

அன்புள்ள பூட்டுக்கு,

குருவி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? ரெக்கார்டு ரூமில் மேல்தட்டு ஃபைலை இன்னும் நீயேதான் ஏறி எடுக்கிறாயா?

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நமக்குள் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. எழுத்தில் நீ கொஞ்சம் நல்லவள்.

விஷயம் இதுதான். நேற்று என் வேலை அறையில் விழுந்துவிட்டேன். கத்தரிக்கோலைத் தேடிப் போனேன். வீட்டில் ஏழெட்டுக் கத்தரிக்கோல் இருக்கிறது, ஒன்றுகூட அகப்படவில்லை. துணித்துண்டு மூட்டைமேல் கால் வைத்தேன், அது உருண்டது, பின்னாலேயே அட்டைப்பெட்டிக் கோபுரம் மொத்தமும் சரிந்தது. உன் அத்தான் ஓடிவந்து கதவருகே நின்று, "எங்க இருக்க? பதறாம கைய மட்டும் தூக்கு" என்றார். பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே குரல். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டதில் இப்படியும் ஒரு லாபம்.

சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். என் இரண்டு படப்புத்தகமும் வந்தபோது எனக்கு நரைகூட இல்லை. அதற்குப் பிறகு ஒன்றையும் முடிக்கவில்லை. வெட்டுகிறேன், ஒட்டுகிறேன், பாதியில் வேறொரு நிறக் காகிதம் கண்ணில் படுகிறது, அதன் பின்னால் போய்விடுகிறேன். யாராவது கேட்டால் 'பண்ணிக்கிட்டே இருக்கேன்' என்கிறேன். அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை.

கண்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவேன் என்றுதான் அப்பா எனக்குக் குருவி என்று பெயர் வைத்தார். திறந்த அலமாரியைக் கண்டால் மூடாமல் நகரமாட்டாய் என்று உனக்குப் பூட்டு. ஆஸ்பத்திரியில் எந்த நோயாளியின் ஃபைலைக் கேட்டாலும் நின்ற இடத்திலிருந்து எடுத்துத் தருகிறவள் நீ. என் ஒரே ஒரு அறைக்கு வழி சொல்லு. திட்டாமல் சொல்லு.

உன் குருவி அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

பூட்டின் வணக்கம். நான் நலம். தோளுக்குத் தைலம் போடுகிறேன். நீ விழுந்ததில் அடி ஒன்றும் இல்லையே? அத்தானுக்கு என் விசாரிப்பைச் சொல்.

திட்டமாட்டேன். ஆனால் நான் சொல்வதை வளைக்காமல் செய்ய வேண்டும். அறையை முழுதாகப் பார்க்காதே, பார்த்தால் பயம்தான் வரும். கதவுக்கு வலதுபக்க மூலையில் தொடங்கு. ஒரு பெட்டியை வெளியே எடுத்துவந்து கூடத்தில் கொட்டு. அறைக்குள்ளே வைத்துப் பிரிக்காதே. ஒவ்வொன்றிலும் போன வருஷம் உன் கை பட்டதா? பட்டிருந்தால் வை. படவில்லையென்றால் அது உனக்குத் தேவையில்லை. 'என்னைக்காவது உதவும்' என்று நீ சொல்லப்போவது இங்கே கேட்கிறது. அந்த வார்த்தையை வாயில் எடுக்கக்கூடாது.

உன்னால் எதையும் எறிய முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் எறியாதே. கட்டி எனக்கு அனுப்பிவிடு. எங்கள் குழந்தைகள் வார்டில் படுக்கையிலேயே கிடக்கிற பிள்ளைகளுக்கு வெட்டி ஒட்டக் காகிதம் வேண்டும் என்று நர்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். குப்பைக்குப் போகிறது என்று நினைத்தால்தானே உனக்கு வலிக்கும்? பிள்ளைகளுக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்.

கத்தரிக்கோலில் இரண்டை மட்டும் வைத்துக்கொள். ஒன்று தாளுக்கு, ஒன்று துணிக்கு. ஆணியில் மாட்டு.

உன் பூட்டு


பிப்ரவரி 17

என் தங்கமே பூட்டு,

சுகமா? எங்களுக்குக் குறையொன்றுமில்லை, உன் அத்தானுக்கு மட்டும் தும்மல். அறையிலிருந்து கிளம்பிய தூசி அப்படி.

வலதுபக்க மூலை முடிந்துவிட்டது! அங்கே தரை பச்சை நிறம் என்பதே மறந்துபோயிருந்தது. முதல் பெட்டியைக் கொட்டிய அன்று பாதி நாள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த உன் அத்தான், "என்ன, ஒண்ணுகூட வெளியே போகல போலிருக்கே" என்றார். கோபம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டியை அப்படியே கட்டினேன். அதன்பிறகு கை பழகிவிட்டது. பழைய பஸ் டிக்கெட், டீத்தூள் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளித்தாள், மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி, காய்ந்த பசைப் பாட்டில் எல்லாம் போயிற்று. பசைப் பாட்டிலை உனக்கு அனுப்பவில்லை, பயப்படாதே.

இரண்டு பார்சல் இன்று கிளம்புகிறது. பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எழுது. வெள்ளித்தாளைக் கண்டால் அவர்களுக்குப் பிடிக்கும்.

நேற்று இரண்டு கத்தரிக்கோலும் ஆணியில் தொங்குவதைப் பார்த்து, உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு இப்படி உதவியதில்லை. எல்லோரும் 'கலைஞர்னா அப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீதான் உட்கார்ந்து வழி சொன்னாய்.

உன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லையே. வேலை முடிந்து வந்தால் அந்த வீட்டில் தனியாக என்ன செய்கிறாய்?

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அத்தானின் தும்மல் நின்றதா?

பார்சல்கள் வந்தன. வார்டில் கொடுத்தேன், பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு சந்தேகம். வெள்ளித்தாளை ஒட்டினால் சுருங்கிக்கொள்கிறது. நீ ஒட்டுவதில் சுருக்கமே விழாதே, என்ன பசை போடுகிறாய்? தாளில் தடவுவாயா, அட்டையிலா? அப்புறம், உன் படங்களில் ஒரு தாளின் ஓரம் கிழிந்த மாதிரி இருக்குமே, அது கையால் கிழிப்பதா, நனைத்துக் கிழிப்பதா? நர்ஸ் கேட்கிறாள்.

அடுத்த வேலை கொஞ்சம் கடினம். நீ பாதியில் விட்ட படங்கள் எல்லாம் எங்கே? அறையில் அதிக இடத்தை அடைப்பது காகிதம் இல்லை அக்கா, முடியாத வேலைதான். உள்ளே நுழையும்போதெல்லாம் அது உன்னைப் பார்த்து 'என்னை எப்ப முடிப்ப' என்று கேட்கும். அப்படிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் நிற்கிற அறையில் புதிதாக எப்படி வேலை நடக்கும்? மூன்று வருஷமாகத் தொடாததை இனியும் தொடமாட்டாய். அவற்றையும் அனுப்பிவிடு. அளவெடுத்த தாள், வெட்டியது போக மிஞ்சிய தாள், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பு. ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதே. மிச்சம் வைத்தால் அதிலிருந்து மறுபடி முளைக்கும்.

மாலையில் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். சும்மாதான் இருக்கிறேன்.

உன் பூட்டு


மார்ச் 29

பூட்டுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

வெள்ளித்தாளுக்கு மாவுப்பசை ஆகாது, தண்ணீர்ச்சத்து குறைந்த பசை வேண்டும். அட்டையில் தடவிக் கொஞ்சம் உலர விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தச் சொல். கிழிப்பது கையால்தான், உன் பக்கம் இழுத்துக் கிழித்தால் வெள்ளை ஓரம் தெரியும். அந்த நர்ஸுக்கு நல்ல கண்.

நீ சொன்னதைப் படித்துவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு உட்கார்ந்து பாதிப் படங்களை ஒவ்வொன்றாகக் கட்டினேன். சிலது போனதே தெரியவில்லை. ஒன்று மட்டும் கையைவிட்டுப் போக மறுத்தது.

அதை உன்னிடம் சொன்னதில்லை. உன் அத்தானுக்குக்கூடப் பாதிதான் தெரியும். ஒரு சிறுமி இருக்கிறாள். அவள் வீட்டு அலமாரியைத் திறந்தால் உள்ளே மழை பெய்கிறது. வெளியே சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் தினமும் குடையை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் போய்வருகிறாள். தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. சட்டைகள் மிதக்கின்றன. மேல்தட்டில் தவளை, இழுப்பறையில் மீன். இதுவரை பதினோரு பக்கம் இருக்கிறது. மழை முழுக்க டீ பாக்கெட் வெள்ளித்தாளில் வெட்டியது. அவள் கவுன் என் கல்யாணப் புடவையின் உள்பக்கத் துணி.

முடிவு வரவில்லை. வருஷக்கணக்காக வரவில்லை. அது முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன் என்று தோன்றும். அதனால்தான் அனுப்புகிறேன். பதினோரு பக்கம், வெட்டிப் போட்ட ஓட்டைத் தாள்கள், பென்சில் கிறுக்கல் எல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே. கொளுத்திவிடு. யாருக்கும் காட்டாதே, எனக்கும் ஒன்றும் எழுதாதே.

என்னால் முடியாததை நீ செய்வாய் என்று உன்னிடம் தருகிறேன்.

குருவி


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பார்சல் பத்திரமாக வந்தது. நீ சொன்னபடி பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதே.

சும்மா கேட்கிறேன், அந்தச் சிறுமியைக் கடைசியில் என்ன செய்யவைப்பதாக நினைத்திருந்தாய்? ஒன்றுமே தோன்றவில்லையா?

அத்தானுக்கு என் அன்பு.

பூட்டு


ஜூன் 18

என் உயிரே பூட்டு,

சுகம், சுகம், சுகம்! நீயும் அப்படி இரு. இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

அறை முடிந்து ஒரு மாதமாகிறது. மேசை வெறுமையாகக் கிடக்கிறது. காலையில் டீயை அதன்மேல் வைத்துக் குடிக்கிறேன், இத்தனை வருஷத்தில் அதற்குக்கூட இடம் இருந்ததில்லை. முதலில் பயமாக இருந்தது. யாரோ இறந்துபோன அறை மாதிரி. அப்புறம் மெல்ல மெல்லக் கை அரிக்கத் தொடங்கியது.

போன வாரம் எங்கள் மொட்டைமாடியில் குழாய் வெடித்தது. படிக்கட்டில் தண்ணீர் அருவியாகத் தெருவுக்கு இறங்கியது. எதிர் வீட்டுப் பெண்கள், மேல்மாடிக்காரர், கடைக்காரர் எல்லோரும் வாளியோடு வெளியே வந்து, முதலில் திட்டி, அப்புறம் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு வந்துவிட்டது! அவள் அலமாரிக் கதவை மூடுவதில்லை. இரண்டு கதவையும் அகலத் திறந்துவிடுகிறாள். தண்ணீர் படியிறங்கித் தெருவுக்குப் போகிறது, எல்லோரும் வாளியோடு வருகிறார்கள், ஒவ்வொரு வாளியிலும் ஒரு மீன். இத்தனை நாள் அவளை அலமாரிக்குள்ளேயே வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன் பார்!

கொளுத்தச் சொன்னது நான்தான். ஆனாலும் கேட்கிறேன். நீ எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவள் இல்லை. ஒருவேளை ஏதாவது ஒரு மூலையில் வைத்திருக்கிறாயா? ஒரு பக்கம் இருந்தாலும் போதும். வைத்திருந்தால் திட்டமாட்டேன், உன் காலில் விழுவேன். உடனே எழுது.

உன் அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இங்கே ரெக்கார்டு ரூமில் தணிக்கை நடந்தது, மூச்சுவிட நேரமில்லை. வேறு ஒன்றுமில்லை, நலம்தான்.

நீ கேட்டது இல்லை அக்கா. வந்த வாரமே கொளுத்திவிட்டேன். பின்கட்டில் பழைய தகர வாளியில் போட்டேன். வெள்ளித்தாள் மட்டும் எரியாமல் சுருண்டுகொண்டது, அதைக் குச்சியால் கிளறிவிட்டேன். சாம்பலைச் செடிக்குப் போட்டுவிட்டேன். உன் பேச்சைக் கேட்டதற்காக இப்போது நீ என்மேல் வருத்தப்படக்கூடாது.

புதிதாக வேறொன்று செய்யேன். பழசையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? இப்போதுதான் அறை நன்றாகிவிட்டதே.

பூட்டு


அக்டோபர் 30

தங்கைக்கு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. ஆனாலும் பழக்கம், கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா?

நீ கொளுத்திவிட்டேன் என்று எழுதிய அன்று, செடிக்குப் போட்டது நல்ல காரியம் என்று நினைத்தேன். அதையே சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொண்டேன். பிறகு மறுபடி வெட்டத் தொடங்கினேன். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தவளை பழையதைவிட நன்றாக வந்தது. புதிய முடிவோடு எல்லாப் பக்கத்தையும் முடித்தேன். முடித்தேன் என்ற வார்த்தையை எத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன் தெரியுமா? உனக்குச் சொல்லவில்லை. புத்தகமாகவே அனுப்பி ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை என் இரண்டு புத்தகத்தையும் போட்ட பதிப்பகத்துக்கே கொண்டுபோனேன். பழைய முதலாளி இப்போது வருவதில்லை. எடிட்டர் புதியவர், மரியாதையான ஆள். முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"மேடம், இது ஏற்கனவே எங்ககிட்ட வந்திருச்சே. பிரிண்டுக்கே போகப்போகுது."

வேறு யாரோ இதே மாதிரி யோசித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். அந்தக் கவுனில் ஒரு இடத்தில் இஸ்திரி சுட்ட கறை இருக்கும். நான் சுட்டது. அதைத் தொட்டுப் பார்த்தேன். என் மழை, என் தவளை, என் பதினோரு பக்கம். அதற்குப் பின்னால் எனக்குத் தெரியாத மூன்று பக்கம். கடைசியில் சிறுமி அலமாரியைத் துடைத்து, துணியை மடித்து வைத்து, கதவைச் சாத்துகிறாள். மழை நின்றுவிடுகிறது. ஃபைலின் மேலே உன் பெயர்.

"இது என் தங்கச்சி" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்படியா! அப்ப ஒரே வீட்டுல பாத்திருப்பீங்க. சில சமயம் நமக்கே தெரியாம மனசுல ஒட்டிக்கும் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க, அவங்கதான் மொதல்ல குடுத்திருக்காங்க. மே மாசமே."

நான்தான் உன்னைப் பார்த்து வெட்டினேனாம்.

"உங்களோடதுன்னா பழைய வரைவு, வெட்டின தாள், ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கே இருக்கிறது? ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதே என்று எழுதியிருந்தாயே. "வீட்டைச் சுத்தம் பண்ணிட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். எந்த வரி வரைக்கும் நீ என் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், எந்த வரியிலிருந்து என் பெட்டியைப் பார்க்கத் தொடங்கினாய் என்று தேடினேன். பசையைப் பற்றிக் கேட்டாயே, அங்கேயா? அதற்கு முன்னாலேயா? கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே அன்பாக இருக்கிறது.

புத்தகத்தைக்கூட விடு. அந்த வெள்ளித்தாள் எரியாமல் சுருண்டது என்று எழுதினாயே. நான் அழுதுகொண்டு படிப்பேன் என்று தெரிந்துதானே அதை எழுதினாய்?

அக்கா


நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறேன். நம்பாவிட்டாலும் எழுதுகிறேன்.

வார்டுக்குக் கொடுத்தேன் என்று எழுதியதில் பொய் இல்லை. முதல் பார்சலைக் கொடுத்தேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் ஒன்றை ஒட்டினேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "இத நீங்களா பண்ணீங்க?" என்று கேட்டாள். அது காகிதங்களுக்கு நடுவில் கலந்து வந்திருந்த, நீ பாதியில் விட்ட ஒரு காகம். நான் வாலை மட்டும்தான் ஒட்டினேன். ஆனால் 'ஆமா' என்று சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருஷமாக அந்த ரூமில் உட்கார்ந்திருக்கிறேன் அக்கா. நான் எடுத்துக்கொடுக்கிற ஃபைலைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்கமாட்டார்கள். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூட்டிவந்து காட்டினாள்.

சின்ன வயதில் வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா உன் படத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். நான் டீ கொண்டுவந்து வைப்பேன். அதை நீ பார்த்திருக்கமாட்டாய், ஏனென்றால் நீ வெட்டிக்கொண்டிருப்பாய்.

அந்தப் பெட்டி வந்த அன்று கொளுத்தத்தான் எடுத்துப்போனேன். திறந்து பார்த்தேன். கொளுத்த முடியவில்லை. இவ்வளவு அழகானதை ஒருத்தி முடிக்காமல் தூக்கிப் போடுகிறாள் என்று கோபம் வந்தது. நீ முடிக்கவில்லை, நான் முடித்தேன். நீ எறிந்ததைத்தான் நான் எடுத்தேன். அது திருட்டா? ஜூனில் நீ முடிவை எழுதியபோது என்னுடையது ஏற்கனவே போய்விட்டது. அப்போது எப்படித் திரும்பக் கேட்பது? உன் முடிவை நான் எடுத்துக்கொள்ளவில்லை, அதையாவது நம்பு.

நீ அனுப்பிய எதையும் நான் எறியவில்லை. காகிதம், துணி, ஓட்டைத் தாள் எல்லாம் நிறம் வாரியாகப் பிரித்துச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். பத்திரமாக இருக்கிறது.

எடிட்டரிடம் பேசிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் 'மூலக்கருத்து: என் அக்கா' என்று போடச் சம்மதித்தார். உனக்குச் சம்மதம்தானே?

பூட்டு


நவம்பர் 20

தங்கைக்கு,

நலம்.

அந்த ஓட்டைத் தாள்களை எடிட்டருக்கு அனுப்பு. வெட்டிய படமும் வெட்டுப்பட்ட தாளும் ஒன்றோடொன்று பொருந்தும், தாளின் ஓரங்களில் என் கையெழுத்து இருக்கிறது. நீ வேறெதுவும் எழுத வேண்டாம், சொல்ல வேண்டாம். அதை மட்டும் அனுப்பு. உன் கடிதங்களை நான் யாருக்கும் காட்டப்போவதில்லை, இதை நீயாகவே செய்ய வேண்டும்.

அப்பா விஷயம் உண்மை. அதற்காக என்னிடம் எப்போது வேண்டுமானாலும் சண்டை போட்டிருக்கலாம். நான் கேட்டிருப்பேன்.

அக்கா


மார்ச் 11

பூட்டுக்கு,

அத்தான் எழுதுகிறேன். நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எழுதச் சொன்னது உன் அக்கா இல்லை. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நவம்பரிலிருந்து ஜனவரி முடிகிற வரை தினமும் தபால் வரும் நேரத்துக்கு அவள் வாசலுக்குப் போய் நின்றாள். பதிப்பகத்துக்கும் இரண்டு தடவை போன் பண்ணி, "எதாவது பார்சல் வந்துச்சா?" என்று கேட்டாள். வரவில்லை என்றார்கள். பிப்ரவரியில் புத்தகம் வந்துவிட்டது. அதன்பிறகு வாசலுக்குப் போவதில்லை.

எனக்கு நீ தனியாக எழுதிய கார்டு கிடைத்தது. வந்து பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அவளிடம் சொன்னேன். அவள் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள். நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். தான் முடித்த பக்கங்களைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். இனி அதை எங்கே காட்டினாலும் உன்னுடையதைப் பார்த்துச் செய்தது என்பார்கள். இப்போது வீட்டில் எதையும் எறியவிடுவதில்லை. போன வாரம் கிழிந்த தலையணை உறையைக் குப்பையில் போடப்போனேன், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது இருக்கட்டுங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை எங்கள் நூலகத்தில் பிள்ளைகளுக்குப் புதுப்புத்தகம் படித்துக் காட்டுகிறார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. உன் புத்தகம். நான் வேண்டாம் என்றேன். "அத யாரும் படிச்சு நான் இன்னும் கேட்டதில்லையே" என்று கிளம்பிவிட்டாள். கூடப் போனேன். கடைசி வரிசையில் பெற்றோர்களோடு உட்கார்ந்தோம்.

நூலகர் நன்றாகப் படித்தார். மழை வந்தபோது பிள்ளைகள் எல்லோரும் ஓ என்றார்கள். உன் அக்கா முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்துவிட்டது. தவளைக்குச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சட்டைகள் மிதக்கிற பக்கத்தை இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கத்தினார்கள். பிறகு நீ செய்த பக்கங்கள் வந்தன. சிறுமி துணியை மடித்து வைத்துக் கதவைச் சாத்தினாள். நூலகர் புத்தகத்தை மூடினார்.

முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண் எழுந்தாள். "கதவ சாத்திட்டா உள்ள இருக்கிற மீனெல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

நூலகர் புத்தகத்தை மறுபடி திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "அது... மழை நின்னுருச்சுல்ல" என்றார். அந்தப் பெண் விடவில்லை. "அப்ப தண்ணி வத்திருமே. செத்துருமா?"

என் பக்கத்தில் உன் அக்கா எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். நூலகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவள் நின்றாள். வாய் திறந்தது. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"யாருமில்ல. கதை கேக்க வந்தவ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

பதில் போட வேண்டாம்.

அத்தான்